ஆளில்லாத சீட்டுல ஒரு ஆள் பாரம்

பேய் பிசாசு, காத்து கருப்புன்னு எங்கிட்ட யாராச்சும் பேச்செடுத்தா சோத்துக் கரண்டியாலேயே ஒண்ணு போடுவேன், அப்படிப்பட்டவ நானு. கப்பலூர்ல கம்பெனிங்களுக்கு எதுத்தாப்ல சாப்பாட்டுக் கடை வச்சு, புருஷன் போன பெறகு ஒத்தையா நின்னு நடத்துனவ. விடியக்கால இருட்டுலயே எந்திரிச்சு ஒலை வைக்கிறவளுக்கு பேய்க்குப் பயப்பட ஏது நேரம்? இன்னைக்கும் நான் ராத்திரியில கொல்லப்பக்கம் தனியாத்தான் போறேன். அதனால நான் சொல்றத, கெழவி ஏதோ ஒளறுறான்னு நெனைக்காதீங்க. நம்புனா நம்புங்க, நம்பாட்டி உங்க பாடு. நடந்தது பட்டப்பகல்ல, எங்க சொந்தக் கார்ல.

எம்மகன் செல்வம் அடுத்தவங்க டாக்ஸியத்தான் ஓட்டிக்கிட்டிருந்தான். நல்லாத்தான் ஓட்டுவான், ஆனா அடுத்தவன் வண்டி அடுத்தவன் வண்டிதான? அவம் பொண்டாட்டி பாண்டியம்மாளோட அண்ணன் துபாய்ல இருந்தான். அவன் போன் போடும்போதெல்லாம் “மாப்ள, இங்க வந்திருங்க, டிரைவர் வேலைக்கு விசா எடுக்குறேன்”ம்பான். இவனும் பாஸ்போர்ட்டுக்கு போட்டோ புடிச்சிட்டு வந்துட்டான். இருக்கது ஒரே பிள்ளை. போகாதடான்னு வாய் விட்டுக் கேக்க எனக்கு வராது, நான் யாருகிட்டயும் கெஞ்சுனவ இல்ல. சொந்தமா கார் வாங்கிக் குடுத்துட்டா இங்கனயே கெடப்பான்னு ஒரு கணக்கு.

அது புதுசு புதுசா சின்னக் காரா வந்து எறங்குன காலம். செல்வத்துக்கு அதுல ஒண்ணு வாங்கணும்னு ஆசை. “அம்மா, இப்ப எல்லாரும் சின்ன வண்டிதான் கேக்குறாங்க, பெட்ரோலு கம்மியாக் குடிக்கும்”னான். “கல்யாண வீட்டுக்காரன் ஏழு பேரு வந்து நின்னா எதுலடா ஏத்துவ, மடியிலயா”ன்னு கேட்டேன். கடைசியில என் பேச்சுதான் நின்னுச்சு, டீசல் அம்பாசிடர். டி. கல்லுப்பட்டிக்குத் தெக்க ஒரு ஊர்ல, பஞ்சு வியாபாரம் பண்ற சுப்பையா அண்ணன் வீட்டுல ஒண்ணு நிக்கிதுன்னு கேள்விப்பட்டுப் போயிப் பாத்தோம். வெள்ளை வண்டி, ஒரு கீறல் இல்ல. கதவச் சாத்துனா அரிசிப் பானையை மூடுன மாதிரி ஒரு சத்தம், அம்புட்டு கனம். செல்வம் கீழ படுத்துப் பாத்தான், எஞ்சினை ஓட விட்டுக் கேட்டான், அவனுக்கே புடிச்சுப் போச்சு.

பேசி முடிச்சாச்சு. சாவியக் குடுக்கப் போற நேரத்துல சுப்பையா அண்ணன் பின்னால எடது கதவத் தொறந்து, மேல ஒரு முடிச்ச அவுக்க ஆரம்பிச்சாரு. என்னன்னு பாத்தா, கதவுக்கு மேல பருத்திக் கயிறு ஒண்ணு, கைப்பிடி மாதிரி தொங்குது. புடிச்சுப் புடிச்சு வழுவழுன்னு ஆயிருந்துச்சு.

“அண்ணே, அது எதுக்கு அவுக்குறீங்க?”

“எங்கம்மா புடிச்சு ஏறுறதுக்குக் கட்டுனது தங்கச்சி. மாட்ட வித்தா கயித்தக் குடுக்க மாட்டம்ல, அது மாதிரின்னு வச்சுக்கங்களேன்.”

“மாட்டுக்கு கயிறு சரி, காருக்கு என்னண்ணே கயிறு? வண்டியில என்ன இருக்கோ அதோடதான் வெலை பேசுனோம். எனக்கும் முட்டி வலி, எனக்கும் ஏறப் புடிமானம் வேணும்.”

அவரு முடிச்சுல வச்ச கையை எடுக்கல. நான் விடுவேனா? கயிறு வண்டியிலேயே கெடந்துச்சு.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, பூசை போட்டு, வண்டி ஓட ஆரம்பிச்சுச்சு. கப்பலூர்ல ஒரு கம்பெனிக்கு ஆபிசருங்கள கே.கே. நகர்ல இருந்து காலையில கூட்டியாந்து சாயங்காலம் கொண்டுபோயி விடணும். மாசா மாசம் துட்டு வர்ற வேலை. நானும் நெலையா ஒரு எடம் கெடச்சிருச்சு, இனி துபாய் பேச்சு எடுக்க மாட்டான்னு இருந்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும், செல்வம் வந்து, “அம்மா, வண்டி ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிது பாரு”ன்னான். பாத்தா நெசந்தான். ஆளே இல்லாம நிக்கிற வண்டி, பின்னால எடது பக்கம் அமுங்கிக் கெடக்கு. ஒரு ஆளு ஏறி உக்காந்தா எப்படி அமுங்கும், அப்படி. மெக்கானிக்கு காதர் பாய் பட்டறையில கொண்டுபோயி விட்டோம். ஸ்பிரிங் பட்டை தேஞ்சிருக்கும்மான்னு சொல்லி ரெண்டு பக்கமும் புதுசா மாத்துனாரு. மாத்தி எறக்குன அன்னைக்கு நேரா நின்னுச்சு. மறுநாள் காலையில பாத்தா பழையபடி சாஞ்சிருச்சு. டயரு மாத்தியாச்சு, அந்தப் பக்கத்துப் பட்டையில இன்னொரு தகடு சேத்தாச்சு. ஊஹூம். அதுல ஒரு வேடிக்கை என்னன்னா, சில நேரம் நேரா நிக்கும். நாம டீ குடிச்சிட்டு வந்து பாக்குறதுக்குள்ள சாஞ்சுக்கும்.

காதர் பாய் தொப்பியக் கழட்டித் தலையச் சொறிஞ்சாரு. “அக்கா, பட்டை நல்லாருக்கு, ஆக்ஸில் நல்லாருக்கு. எனக்குத் தெரிஞ்ச வேலை எல்லாம் பாத்தாச்சு. இதுக்கு மேல துட்டு வாங்குனா எனக்கு ஹராம். யாராச்சும் உள்ள உக்காந்திருந்தா எறங்கச் சொல்லுங்க”ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.

ஆனா கம்பெனி மேனேஜர் சிரிக்கல. சாஞ்ச வண்டியில எங்க ஆளுங்கள ஏத்த மாட்டோம், இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணு, இல்லாட்டி வேற வண்டி பாத்துக்கிறோம்னுட்டாரு. செல்வம் வீட்டுக்கு வந்து சட்டையக் கூட கழட்டாம உக்காந்தான். “இந்த வண்டிய தள்ளி விட்டுட்டு நான் துபாய்க்கே போறேம்மா. நீ வாங்கிக் குடுத்ததுன்னு இம்புட்டு நாள் பொறுத்துப் பாத்துட்டேன்”னான். பாண்டியம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தா. எனக்குள்ள ஒரு வீம்பு. இது என்ன கோளாறுன்னு தெரிஞ்சுக்கிடாம இந்த வண்டிய விடுறதில்லைன்னு.

எங்க கடைக்குப் பக்கத்துலதான் லாரி எடை போடுற எடை மேடை. அந்த மெசின் பாக்குற தம்பி எங்கிட்டதான் தெனமும் சாப்பிடும். சாஞ்சு நிக்கிதே, அந்தப் பாரம் நெசமாவே இருக்கா, இல்ல பட்டைதான் ஏமாத்துதான்னு எடை போட்டுப் பாத்தா தெரிஞ்சு போகும்ல? மறுநா மத்தியானம், சித்திரை வெயிலு மண்டையப் பொளக்குது, காரை மேடைக்குக் கொண்டாரச் சொன்னேன். டாக்ஸி ஸ்டாண்டுல செல்வத்தோட கூட்டாளி ஒருத்தன் இதே மாதிரி அம்பாசிடர் வச்சிருந்தான், அதையும் வரச் சொல்லியாச்சு.

“என்னக்கா, காரை எடைக்குப் போடுறீங்க? பழைய இரும்புக்காரன் வந்துட்டானா?”ன்னு மெசின்காரத் தம்பி நக்கலடிச்சுச்சு.

“நீ நம்பரைப் பாத்துச் சொல்லு, சோத்துக்கு கொழம்பு சேத்து ஊத்துறேன்”னேன்.

மொத அந்தக் கூட்டாளி வண்டி, காலியா. அப்பறம் எங்க வண்டி, அதுவும் காலியா. நான் படிச்சவ இல்ல, ஆனா நம்பரு தெரியும், மூட்டை கணக்கு நல்லாவே தெரியும். எங்க வண்டி எடை அதிகமா நின்னுச்சு. அரை மூட்டைக்கு மேல, முக்கா மூட்டைக்குக் கீழ. ஒல்லியான பொம்பள ஒருத்தி எடை. டிக்கியத் தொறந்து பாத்தோம், சீட்டத் தூக்கிப் பாத்தோம், ஒண்ணுமில்ல.

எனக்கு அப்ப பயமெல்லாம் இல்ல, கேட்டுக்கங்க. அதென்னடா அதுன்னு ஒரு குறுகுறுப்பு. காதர் பாய் சொன்னது ஞாபகம் வந்து, வெளாட்டுக்குத்தான், பின்னால எடது கதவத் தொறந்து புடிச்சுக்கிட்டு, “உள்ள யாரும் இருந்தா செத்த எறங்கி நில்லுங்க, எடை போட்டுக்கிறோம்”னேன். செல்வமும் அந்தத் தம்பியும் சிரிக்கிறாங்க. சிரிச்ச வாய் அப்படியே நின்னு போச்சு. மெசின்ல செவப்பு நம்பரு கடகடன்னு எறங்கி, கூட்டாளி வண்டி எம்புட்டு இருந்துச்சோ அங்க வந்து நின்னுருச்சு. காரும் நேரா நிமிந்துருச்சு.

அப்பறம் அந்தக் கயிறு, சும்மா தொங்கிக்கிட்டிருந்த கயிறு, யாரோ புடிச்சு இழுத்தாப்ல விறைச்சு நின்னுச்சு. எங்கண்ணால பாத்தேன், கைக்கு எட்டுற தூரத்துல. வண்டி அமுங்குச்சு, நம்பரு மேல ஏறுச்சு, கயிறு தளந்து போச்சு.

“மெசின்ல ஏதோ கோளாறுக்கா”ன்னு அந்தத் தம்பி உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டான்.

செல்வம் மொகத்துல ஈயாடல. “அன்னைக்கே அந்தக் கயித்த அவுத்துக் குடுத்திருக்கலாம்ல? அந்தாளு கேட்டாருல்ல? மாட்டுக் கயிறுன்னு அவரு சொல்லும்போதே எனக்குச் சுருக்குன்னுச்சு. நாளைக்கே போறோம், குடுத்துட்டு வாரோம்”னான். சரிடான்னுட்டேன்.

மறுநா கயித்த அவுத்துப் பையில வச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் அதே கார்ல டி. கல்லுப்பட்டிப் பக்கம் போனோம். பூ, பழம், சாம்பிராணி எல்லாம் வாங்கிக்கிட்டேன். செத்துப் போன ஆத்மாவுக்கு ஒரு மரியாதை செய்யணும்ல? சுப்பையா அண்ணன் எங்கள உக்கார வச்சு மோரு குடுத்தாரு. குடிச்சிட்டு, நான் மெதுவா, “அண்ணே, உங்கம்மா எப்ப தவறுனாங்க?”ன்னு கேட்டேன்.

அவருக்கு மோரு பொறையேறிருச்சு. “என்ன தங்கச்சி இப்படிக் கேக்குறீங்க? அம்மா உள்ள கட்டில்ல இருக்காங்களே.”

செல்வம் என்னையப் பாக்குறான், நான் பூப்பையப் பாக்குறேன்.

அவருதான் சொன்னாரு. அந்தம்மாவுக்கு வாதம் வந்து படுத்த படுக்கையாயிருச்சாம், அதனாலதான் காரையே வித்துருக்காரு. பேச்சும் கொறஞ்சு போச்சாம். “நேத்து மத்தியானத்துல இருந்து ஒரே மொனகல் தங்கச்சி. என்னன்னு பாத்தா ரெண்டு உள்ளங்காலும் கொப்புளிச்சுக் கெடக்கு. காலு தரையில பட்டே மாசக்கணக்காச்சு, எப்படி வந்துச்சுன்னு டாக்டருக்கும் தெரியல.”

சித்திரை மாசத்து உச்சி வெயில்ல எடை மேடை இரும்புத் தகடு எப்படிச் சுடும்னு கப்பலூர்க்காரிக்குத் தெரியாதா?

நான் பாத்துட்டு வாரேன்னு தனியா உள்ள போனேன். வேப்பெண்ண வாசம். காத்தாடிக்குக் கீழ சின்னதா ஒரு உருவம், என்னைய விட இருபது வயசுக்கு மேல மூப்பு இருக்கும். அந்தம்மா கண்ணு மட்டும் கோழிக்கண்ணு மாதிரி பளிச்சின்னு இருந்துச்சு. என்னையப் பாத்ததும், ரொம்ப நாள் பழகுனவ மாதிரி, தெளிவா ஒரு பேச்சு.

“எறங்கச் சொன்னியே, செருப்ப எடுத்துப் போடச் சொன்னியா?”

நம்ப மாட்டீங்க, எனக்கு அப்பக்கூட ஓடணும்னு தோணல. கட்டில் ஓரத்துல உக்காந்துட்டேன். “மன்னிச்சுக்கங்கம்மா, தெரியல”ன்னேன்.

“பரவால்ல. மரியாதையாத்தான் கேட்ட. லாரிக்காரனுங்க பாக்குற எடத்துல போயி நிக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு, வேறொண்ணுமில்ல.”

“உங்க மகன் வண்டிய வித்துட்டாரும்மா. இப்ப அது எம்மகன் பொழப்பு. நீங்க இப்படி ஏறி உக்காந்துக்கிட்டா அவன் கடல் தாண்டிப் போயிருவான்.” இந்த வார்த்தைய நான் செல்வத்துக்கிட்டயே சொன்னதில்ல, பாண்டியம்மாகிட்டயும் சொன்னதில்ல. அந்தம்மாகிட்ட எப்படி வந்துச்சோ. “கயித்தக் கொண்டாந்திருக்கேன், வாங்கிக்கிட்டு எறங்கிருங்க.”

“கயிறு யாருக்கு வேணும்? நீயே வச்சுக்க, உனக்கும்தான் முட்டி வலிக்கிதே” அப்படின்னு அந்தம்மா மோட்டுவளையப் பாத்துச்சு. “வாங்கும்போதும் என்னைய ஒரு வார்த்தை கேக்கல, விக்கும்போதும் கேக்கல. அம்புட்டு வருசம் அந்தக் கார்ல போனேன், ஒரு தடவை முன்னால உக்காந்ததில்ல. மொத எங்க வீட்டுக்காரரு, அப்பறம் மகன், அப்பறம் பேரன். பின்னால உக்காந்தா ஆம்பளைங்க பின்கழுத்துப் பொடணிதான் தெரியும். ரோடு எதுத்தாப்ல ஓடி வருமாம்ல, அதப் பாக்கணும். ஒரே ஒரு தடவை. அப்பறம் நான் எறங்கிக்கிறேன், உம்மகன் பொழப்பு உனக்கு.”

“சரிம்மா”ன்னேன். வேற என்ன சொல்ல?

“நீ போயி முன்கதவத் தொறந்து வையி. நான் வாரேன்.” கண்ண மூடிக்கிச்சு.

வெளிய வந்தேன். கயித்த எடுத்த எடத்துலயே மறுபடி கட்டுனேன். முன்னால எடது கதவத் தொறந்து, கண்ணாடிய நல்லா எறக்கி விட்டு, கொஞ்சம் தள்ளி நின்னேன். செல்வம், “யாருக்கும்மா சீட்டுப் புடிக்கிற? வேணும்னா துண்டு போட்டு வைக்கவா?”ன்னான். நக்கல்தான், ஆனா வண்டிக்கிட்ட வரல. முன்பக்கம் லேசா அமுங்குச்சு. நான் கதவ மெல்லச் சாத்திட்டு, பின்னால ஏறிக்கிட்டேன். வாய்ல வெத்தலைய நெறையப் போட்டு மென்னுக்கிட்டேன், பேச்சுக் குடுக்க வேணாம்னு.

திருமங்கலம் ரோட்டுல வண்டி போகுது. ரெண்டு பக்கமும் கரிசக்காடு, பருத்தி எடுத்து முடிச்ச வெறுங்காடு, அங்கங்க ஒத்தப் பனை. செல்வம் அன்னைக்கு ஓட்டுன மாதிரி என்னைக்கும் ஓட்டுனதில்ல. பள்ளத்துக்குப் பள்ளம் ஒதுங்கி, கண்ணாடித் தம்ளரை மடியில வச்சுக்கிட்டுப் போற மாதிரி. முன்சீட்டுல ஒண்ணும் தெரியல எனக்கு. ஆனா சீட்டு மேல காத்து வாங்கிக்கிட்டு யாரோ இருக்காங்கன்னு ஒரு நெனப்பு. நான் வெளிய பாத்துக்கிட்டே வந்தேன்.

ஒரு சின்னப் பாலத்துக்கிட்ட செல்வம் வண்டிய ஓரங்கட்டி நிறுத்துனான். ஊரும் இல்ல, கடையும் இல்ல, நெழலு கூட இல்லாத எடம். அந்தப் பக்கமா எட்டி முன்கதவத் தொறந்து விட்டான். செத்த நேரம் பாத்துட்டு, இழுத்துச் சாத்துனான். வண்டி நிமிந்து நின்னுச்சு. நேரா, ஒரு பொட்டுச் சாய்வு இல்லாம.

அப்படியே கப்பலூர் போயி மேனேஜர்கிட்ட காமிச்சான். அவரு சுத்திச் சுத்திப் பாத்துட்டு, “எந்தப் பட்டறையிலப்பா வேலை பாத்த?”ன்னு கேட்டாரு. கம்பெனி வேலை கைவிட்டுப் போகல. அதுக்கப்பறம் அந்தக் கார் எம்புட்டோ வருசம் ஓடுச்சு, ஒரு நாளும் சாயல. நான் ஒருக்க சுப்பையா அண்ணன் வீட்டுக்குப் போனேன். அம்மா காலு ஆறிருச்சு, நல்லாத் தூங்குறாங்கன்னாரு. உள்ள போயிப் பாத்தேன். அந்தம்மா என்னைய யாரோ எவரோன்னு பாத்துச்சு.

இம்புட்டுதான் கதைன்னா நான் நிம்மதியா இருந்திருப்பேன்.

அன்னைக்குச் சாயங்காலமே செல்வம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போயி மச்சானுக்குப் போன் போட்டு, நான் வரலன்னு சொல்லிட்டான். பாண்டியம்மா எங்கிட்ட வந்து, கொஞ்சம் கோவம் கொஞ்சம் சிரிப்பா, “அத்தை, வழியில அவரப் பாராட்டுனீங்களாமே? அதுலயே மனசு மாறிட்டாரு. எங்கம்மா வாய்ல இருந்து அந்த வார்த்தை வந்துருச்சு, இனி நான் எதுக்குப் போறேங்குறாரு”ன்னா.

எனக்கு ஒண்ணும் புரியல. அவனையே கேட்டேன், பட்டும் படாம. “நீதானம்மா அந்தப் பாலத்துக்கிட்ட சொன்ன. போதும்யா, இங்கன நிறுத்தி முன்கதவத் தொறந்து விடுய்யா, அலுங்காமக் கொண்டாந்துட்ட, நீ நல்லா ஓட்டுறய்யான்னு.”

நான் வாய் நெறைய வெத்தலையோட இருந்தவ. அவனப் பொறந்ததுல இருந்து டேய்னுதான் கூப்புடுறேன், ஒருநாளும் அய்யான்னு கூப்புட்டதில்ல. ஓட்டுறது நல்லாருக்குன்னு மனசுக்குள்ள நெனச்சிருக்கேன், வாய்விட்டுச் சொன்னதில்ல. “என் கொரல்லயாடா கேட்டுச்சு?”ன்னேன். “உன் கொரலு எனக்குத் தெரியாதாம்மா?”ன்னு சிரிச்சான். நான் சொல்லலன்னு இன்னைக்கு வரைக்கும் அவன்கிட்ட சொல்லல. சொன்னா என்ன ஆகும்னு தெரியல.

கொஞ்ச நாளைக்கு முந்தி, வீட்டுல யாரும் இல்லைன்னு நெனச்சு, அடுப்படியில நின்னுக்கிட்டு அந்தப் பேச்சை நானே ஒருக்க சொல்லிப் பாத்தேன். போதும்யா, நீ நல்லா ஓட்டுறய்யான்னு. என் கொரலுக்கு அது எப்படி இருக்குன்னு பாக்கத்தான். சொல்லி முடிக்கல, செல்வம் வாசல்ல வண்டி தொடைச்சுக்கிட்டிருந்தவன் உள்ள எட்டிப் பாத்தான்.

“யாரும்மா வந்திருக்காங்க? புதுக் கொரலாக் கேட்டுச்சு?”